மான்ஸ்ஃபீல்ட்: வியாபாரிகளிடம் சட்டம் படித்த நீதிபதி

பி.காம். படித்தவர்களுக்கு 'மெர்கன்டைல் லா' பேப்பர் ஞாபகம் இருக்கும். அத்தியாயத்துக்கு நாலைந்து வழக்குகள், இன்னார் எதிர் இன்னார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பரீட்சைக்குப் பெயர் மட்டும் போதும். அதை எழுதி அடிக்கோடு போட்டால் ஒரு மார்க் கூடக் கிடைக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒரு நம்பிக்கை. வங்கியில் சேர்ந்து சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்குப் படித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். செலாவணி முறிகள், காப்பீடு, தவறுதலாகப் போன பணத்தைத் திருப்பி வாங்குவது என்று எந்தப் பாடத்தைத் தோண்டினாலும் அடியில் ஒரே நீதிபதியின் பெயர் வந்தது. மான்ஸ்ஃபீல்ட் பிரபு. இங்கிலாந்தின் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் 1756 முதல் 1788 வரை தலைமை நீதிபதியாக இருந்தவர்.

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த பிறகு மாலை நேரங்களில் அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வருகிறேன். கவுண்டரில் நாங்கள் செய்யும் வேலைக்கு அவர் ஒருவகையில் முப்பாட்டனார். ஆனால் அதற்காக மட்டும் இதை எழுதவில்லை. வியாபாரிகளின் வழக்கத்தை எடுத்துச் சட்டமாக்கியே பெயர் வாங்கிய மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள், ஊரே ஒத்துக்கொண்ட ஒரு வழக்கத்தைப் பார்த்து, இதை வழக்கம் என்பதற்காக மட்டும் ஏற்க முடியாது என்று சொல்ல வேண்டி வந்தது. சொன்னாரா, எவ்வளவு தூரம் சொன்னார், எங்கே நின்றுவிட்டார் என்பதுதான் கதை.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம்.

பெயர் வில்லியம் மர்ரே. 1705 மார்ச் 2-ம் தேதி ஸ்காட்லாந்தில் பெர்த் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கோன் என்ற இடத்தில் பிறந்தார். பிரபு குடும்பம்தான், ஆனால் பெரிய வசதி இல்லை. இவர் நான்காவது மகன், அதனால் சொத்தும் வராது. 1718-ல், பதின்மூன்று வயதில், ஒரு மட்டக்குதிரையில் ஏறி நானூறு மைலுக்கு மேல் பயணம் செய்து லண்டனுக்குப் படிக்க வந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி, பிறகு லிங்கன்ஸ் இன்னில் சட்டம். 1730-ல் வக்கீல் ஆனார். நன்றாகப் பேச வேண்டும் என்பதற்காகக் கவிஞர் அலெக்சாண்டர் போப் பக்கத்தில் இருக்க, கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார் என்பார்கள்.

நம்மைப் போல வெளியூரில் பிழைக்க வந்தவர்களுக்கு இவர் வாழ்க்கையில் ஒரு விஷயம் சட்டென்று புரியும். எவ்வளவு உயரம் போனாலும் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி அவரை விடவில்லை. அவருடைய குடும்பம், நாடு கடத்தப்பட்ட ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்கு அனுதாபம் காட்டிய குடும்பம். அண்ணன் ஜேம்ஸ் அந்த வம்சத்தினரின் அயல்நாட்டு அரசவையிலேயே சேர்ந்துவிட்டார். தம்பியோ லண்டனில் அரசாங்க வக்கீல். 1742-ல் சொலிசிட்டர் ஜெனரல் ஆனவர், 1745 கலகத்துக்குப் பிறகு கலகக்காரப் பிரபுக்கள் மீதான வழக்குகளை அரசு தரப்பில் நடத்தினார். அப்படியும் 1753-ல், இளவயதில் இவர் ஸ்டூவர்ட் இளவரசருக்கு வாழ்த்துச் சொல்லி மது அருந்தினார் என்று ஒரு புகார் கிளம்பி, விசாரணை நடந்து, நிரபராதி என்று முடிந்தது. சின்ன வயதிலேயே லண்டன் வந்துவிட்டதால்தான் தேறினார் என்ற பொருளில் சாமுவேல் ஜான்சன் கூடக் கிண்டல் அடித்திருக்கிறார். இதையெல்லாம் தாண்டி 1754-ல் அட்டர்னி ஜெனரல், 1756-ல் தலைமை நீதிபதி.

சரி, நம் கவுண்டருக்கு வருவோம்.

1756 டிசம்பரில் ஃபின்னி என்பவர் பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டு ஒன்றைத் தபாலில் அனுப்பினார். மதிப்பு 21 பவுண்டு 10 ஷில்லிங். அன்று இரவே தபால் கொள்ளை போனது. கை மாறிய நோட்டு, மில்லர் என்ற சத்திரக்காரரிடம் வந்து சேர்ந்தது. அவர் முழு மதிப்பும் கொடுத்து, திருட்டு நோட்டு என்று தெரியாமல் வாங்கியிருந்தார். அதற்குள் ஃபின்னி வங்கிக்குப் போய் 'ஸ்டாப் பேமென்ட்' சொல்லிவிட்டார். மில்லர் நோட்டை நீட்டினார். கவுண்டரில் இருந்த ரேஸ் என்ற குமாஸ்தா பணமும் தரவில்லை, நோட்டையும் திருப்பித் தரவில்லை. மில்லர் அந்தக் குமாஸ்தா மேலேயே வழக்குப் போட்டார். 'மில்லர் எதிர் ரேஸ்' என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். நம் இனத்தைச் சேர்ந்த ஒரு கிளார்க் இப்படிச் சட்ட வரலாற்றில் இடம் பிடித்திருக்கிறார் :)

திருட்டுப்போன மாட்டை யார் வாங்கியிருந்தாலும் பொதுவாக உரிமையாளர் திருப்பிக் கேட்கலாம். நோட்டுக்கும் அதே விதியா? 1758-ல் மான்ஸ்ஃபீல்ட் சொன்னது: இல்லை. வியாபார உலகம் நோட்டைப் பொருளாகப் பார்ப்பதில்லை, ரொக்கமாகவே பார்க்கிறது. நல்ல எண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரிடம் அது போய்விட்டால், அது அவருடையது. இல்லாவிட்டால் ஒவ்வொரு நோட்டை வாங்கும்போதும் அதன் ஜாதகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், வியாபாரம் நடக்காது. நம் நாட்டு 1881-ம் வருட செலாவணி முறிச் சட்டத்தில் 'ஹோல்டர் இன் டியூ கோர்ஸ்' என்று 9-வது பிரிவு இருக்கிறதே, அதன் வேர் இந்தக் காலத்துத் தீர்ப்புகளில்தான் இருக்கிறது.

1760-ல் 'மோசஸ் எதிர் மேக்ஃபெர்லன்'. மோசஸ் நான்கு பிராமிசரி நோட்டுகளில் பின்புறக் கையெழுத்துப் போட்டு மேக்ஃபெர்லனிடம் கொடுத்தார். இதை வைத்து உங்கள் மேல் வழக்குப் போட மாட்டேன் என்று மேக்ஃபெர்லன் எழுதியும் கொடுத்தார். பிறகு வேறொரு சிறிய நீதிமன்றத்துக்குப் போய், அந்த ஒப்பந்தத்தை அங்கே கணக்கில் எடுக்கவில்லை என்பதால், 6 பவுண்டு வசூல் செய்துவிட்டார். மோசஸ் கிங்ஸ் பெஞ்சுக்கு வந்தார். அடுத்தவர் பணம் நியாயமில்லாமல் உன் கையில் இருந்தால் திருப்பிக் கொடு, அதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றார் மான்ஸ்ஃபீல்ட். ஒரு கணக்குக்குப் போக வேண்டிய தொகை வேறு கணக்குக்குப் போய்விட்டால் வங்கி எந்த உரிமையில் திருப்பிக் கேட்கிறது? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு. அதுவும் இந்த வம்சாவளிதான்.

1766-ல் 'கார்ட்டர் எதிர் போம்'. சுமத்ராவில் பெங்கூலன் என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், எதிரிகள் கோட்டையைப் பிடித்தால் தனக்கு வரும் நஷ்டத்துக்கு லண்டனில் இன்சூரன்ஸ் எடுத்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தே விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று சொல்லிப் பணம் தர மறுத்தார் இன்சூரன்ஸ்காரர். காப்பீட்டில் இரு தரப்பும் முழு நேர்மையோடு நடக்க வேண்டும் என்ற விதி இந்த வழக்கின் பெயரால்தான் பிரபலமானது. இன்று நாம் நிரப்பும் பாலிசி விண்ணப்பத்தில் சர்க்கரை வியாதி உண்டா, ஆபரேஷன் ஆனதா என்று கேட்பதெல்லாம் அதனால்தான். வகுப்பில் சொல்லித்தராத ஒன்று: வழக்கில் ஜெயித்தது கார்ட்டர். போர் நடக்கிறது, கோட்டை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் லண்டனில் உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ்காரருக்கும் தெரியக்கூடிய விஷயம்தானே, தெரிந்தே பிரீமியம் வாங்கிவிட்டு இப்போது பின்வாங்கக் கூடாது என்றார் நீதிபதி. நேர்மை வாடிக்கையாளருக்கு மட்டும் விதித்த விதி இல்லை.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது? வியாபாரிகளிடமிருந்து. லண்டன் கில்டுஹாலில் வணிக வழக்குகளை விசாரிக்க, விஷயம் தெரிந்த வியாபாரிகளையே ஜூரிகளாக உட்கார வைத்தார். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எந்தத் தொழிலில் என்ன பழக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்கு முன்பு இத்தகைய வழக்குகளை ஜூரி ஏதோ முடிவு சொல்லி முடித்துவிடும், அடுத்த வழக்குக்கு உதவாது. இவர் அந்தப் பழக்கத்தைக் கேட்டறிந்து, விதியாக எழுதி, இனி இதுதான் என்று நிறுத்தினார். வணிகச் சட்டம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைவிட, எந்தப் பக்கம் என்பது எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிவதே முக்கியம் என்பது அவர் கொள்கை. கேட்டால் இது சாதாரணமாகப் படும். நேற்று ஒரு சர்க்குலர், இன்று அதைத் திருத்தி ஒரு சர்க்குலர் என்று வாழ்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வழக்கத்துக்கு இப்படி மரியாதை கொடுக்கும் மரபு நம் சட்டத்திலும் உண்டு. நம் ஊர் நகரத்தார்களின் உண்டியல், வடக்கே ஹுண்டி, இவற்றில் இருந்த உள்ளூர் வழக்கங்களை 1881 சட்டம் அதன் முதல் பிரிவிலேயே தொடாமல் விட்டுவைத்தது.

இப்போது வழக்கத்தின் இன்னொரு முகம்.

ஜேம்ஸ் சாமர்செட் என்ற ஆப்பிரிக்கரை வர்ஜீனியாவில் விலைக்கு வாங்கியவர் சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற சுங்க அதிகாரி. 1769-ல் அவரை லண்டனுக்குக் கூட்டி வந்தார். 1771-ல் சாமர்செட் வேலையை விட்டு வெளியேறிவிட்டார். ஆள் வைத்துப் பிடித்து, சங்கிலி போட்டு, ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். சாமர்செட்டின் ஞானப் பெற்றோர் ஹேபியஸ் கார்பஸ் மனுப் போட்டார்கள். மான்ஸ்ஃபீல்ட் ஆணை பிறப்பித்தார். ஆள் கப்பலிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்தார்.

அதற்குப் பிறகு தலைமை நீதிபதி பட்ட பாடு பெரிய பாடு. அவருக்குத் தீர்ப்புச் சொல்லவே விருப்பமில்லை. சாமர்செட்டை விடுவித்து விஷயத்தை முடித்துக்கொள்ளலாமே என்று எஜமான் தரப்புக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பாராளுமன்றத்துக்குப் போங்கள் என்றார். விசாரணையின்போது வாய்விட்டுக் கணக்கும் போட்டார்: இங்கிலாந்தில் 14,000 அல்லது 15,000 பேர் இந்த நிலையில் இருக்கலாம், தலைக்கு 50 பவுண்டு. பெருக்கினால் ஏழு லட்சம் பவுண்டுக்கு மேல். ஒரே தீர்ப்பில் அத்தனையும் கணக்கிலிருந்து போய்விடும். நாங்கள் வாராக்கடனைத் தள்ளுபடி செய்யும்போது கூட்டிப் பார்ப்போமே, அதே மாதிரிக் கணக்கு. அந்தப் பத்தியைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் கணக்குப் போட்ட பிறகும், இரண்டு தரப்பும் தீர்ப்புத்தான் வேண்டும் என்றால் விளைவு எதுவானாலும் நியாயத்தைச் சொல்லியே தீருவேன் என்றார்.

1772 ஜூன் 22. அடிமைத்தனம் என்பது அவ்வளவு வெறுக்கத்தக்க விஷயம், வெளிப்படையாக இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தால் தவிர அதை வேறு எதைக் கொண்டும் தாங்கிப் பிடிக்க முடியாது. அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் இல்லை. ஆகவே இவரை விடுவிக்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம். காலனிகளில் வழக்கம், லண்டன் துறைமுகத்தில் வழக்கம், வியாபாரிகளிடம் வழக்கம். வாழ்நாள் முழுக்க வழக்கத்தைக் கேட்டுத் தீர்ப்பு எழுதியவர், இந்த ஒரு இடத்தில் வழக்கம் போதாது என்றார்.

ஊரெல்லாம் கொண்டாட்டம். இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தாலே விடுதலை என்று பேச்சுப் பரவியது. ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. 1785-ல் வேறொரு வழக்கில் அவரே விளக்கினார்: எஜமான் பலவந்தமாக நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது என்பதற்கு மேல் அந்தத் தீர்ப்புப் போகவில்லை என்று.

இடையில் இரண்டு வழக்குகள். இரண்டிலும் எதிராளிகள் சொன்ன சாக்கு ஒன்றுதான்: 'வேறு வழியில்லை.'

முதலாவது நம் மதராஸ் வழக்கு. தஞ்சாவூரைக் கம்பெனிப் படை 1773-ல் பிடித்து ஆற்காடு நவாபிடம் கொடுத்தது. நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனி ஆட்கள் தஞ்சை விளைச்சல் மேல் கண்ணாக இருந்தார்கள். லண்டன் உத்தரவுப்படி கவர்னர் பிகட் பிரபு 1776-ல் தஞ்சாவூரை ராஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். கடன்காரர்கள் கொதித்தார்கள். 1776 ஆகஸ்ட் 24-ல் கவுன்சில் உறுப்பினர்களே தங்கள் கவர்னரைக் கைது செய்ய வைத்துப் பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். 1777 மே மாதம், விடுதலை ஆகாமலே பிகட் இறந்தார். ஸ்ட்ராட்டன், புரூக், ஃப்ளோயர், மெக்கே என்ற நால்வர் மீதான வழக்கு 1779 டிசம்பரில் மான்ஸ்ஃபீல்ட் முன் வந்தது. கம்பெனியைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்பது வாதம். ஜூரி ஏற்கவில்லை, குற்றவாளிகள் என்றது. ஆனால் 1780-ல் விதிக்கப்பட்ட தண்டனை தலைக்கு 1,000 பவுண்டு அபராதம். மதராஸில் பணம் சேர்த்தவர்களுக்கு அது ஒரு தொகையா?

இரண்டாவது 'சாங்' கப்பல். ஆப்பிரிக்காவிலிருந்து 442 அடிமைகளோடு 1781-ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. வழி தவறித் தாண்டிப் போய்விட்டது. தண்ணீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29 தொடங்கிச் சில நாட்களில், 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். கப்பலைக் காப்பாற்றச் சரக்கில் ஒரு பகுதியை எறிந்தால் இன்சூரன்ஸ் தரும் என்பது கடல் வணிகத்தின் பழைய விதி. அதே விதிப்படி, தலைக்கு 30 பவுண்டு கேட்டு லிவர்பூல் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1783 மார்ச்சில், வியாபாரிகள் நிறைந்த கில்டுஹாலில், ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

மறுவிசாரணை கேட்டு இன்சூரன்ஸ்காரர்கள் மே மாதம் வந்தார்கள். ஜூரியைப் பொறுத்தவரை குதிரைகளைக் கடலில் எறிந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கவில்லை என்று மான்ஸ்ஃபீல்டே குறிப்பிட்டார், அது அதிர்ச்சி தரும் வழக்கு என்றும் சொன்னார். கொலைகள் முடிவதற்கு முன்பே மழை பெய்து தண்ணீர் கிடைத்திருந்தது என்ற சாட்சியம் வெளிவந்ததும், வேறு வழியில்லை என்ற வாதம் ஆட்டம் கண்டது. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். ஆனால் கடைசிவரை அது இன்சூரன்ஸ் வழக்குத்தான். ஒருவர் மீதும் கொலை வழக்கு வரவில்லை.

கார்ட்டர் வழக்கில் அத்தனை அழகாக வேலை செய்த இன்சூரன்ஸ் சட்டம் இங்கே என்ன ஆனது பாருங்கள். விதி தெளிவாக இருந்தது, நிச்சயமாக இருந்தது. யார் சரக்கு, யார் மனிதர் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

இத்தனைக்கும் அந்தக் கேள்வி அவர் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. அவருடைய சகோதரி மகன் சர் ஜான் லிண்ட்சே, கடற்படை அதிகாரி. 1770-ல் மன்னரின் தூதராக நம் ஆற்காடு நவாபிடம் மதராஸுக்கு வந்தவரும் இவர்தான். இவருக்கும் மரியா பெல் என்ற அடிமைப் பெண்ணுக்கும் 1761 வாக்கில் பிறந்தவள் டைடோ எலிசபெத் பெல். குழந்தை இல்லாத மான்ஸ்ஃபீல்ட் தம்பதி அவளைத் தங்கள் கென்வுட் மாளிகையில், இன்னொரு உறவுப் பெண் எலிசபெத்தோடு வளர்த்தார்கள். படிக்க வைத்தார்கள். பால்பண்ணையும் கோழிப்பண்ணையும் அவள் பொறுப்பு. வயதான காலத்தில் அவர் சொல்லச் சொல்ல கடிதம் எழுதியவளும் அவளே. ஆனால் விருந்தாளிகள் வந்தால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். சாப்பாடு முடிந்து காப்பி நேரத்தில்தான் வந்து சேர்ந்துகொள்வாள் என்று 1779-ல் அங்கே விருந்துக்குப் போன ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் வைத்து அவரைக் கோழை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கத்தோலிக்கர்களிடம் சகிப்பாக இருக்கிறார் என்ற கோபத்தில் 1780 ஜூன் கலவரத்தில் கும்பல் அவருடைய லண்டன் வீட்டைக் கொளுத்தியது. நூலகமும் குறிப்பேடுகளும் சாம்பல். அந்தக் கலவரத்துக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் கார்டன் பிரபுவின் வழக்கு 1781-ல் அவர் முன்னேயே வந்தது. விசாரித்தார். ஜூரி விடுதலை செய்தது.

1793 மார்ச் 20-ல், 88-வது வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். உயிலில் டைடோவுக்கு வருடம் 100 பவுண்டும், தனியாக 500 பவுண்டும் எழுதியிருந்தார். கூடவே, அவள் சுதந்திரமானவள் என்பதை உறுதி செய்கிறேன் என்றும் எழுதியிருந்தார். வங்கிக்காரனாக நான் நின்ற இடம் இதுதான். இங்கிலாந்தில் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று சொன்னவரே அவர். ஆனால் தன் தீர்ப்பு எதைப் பாதுகாக்கும், எதைப் பாதுகாக்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தன் காலத்துக்குப் பிறகு யாரும் வந்து உரிமை கேட்டுவிடக் கூடாது என்றுதான் கறுப்பு வெள்ளையில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியில் இருக்கிற கவலை, அவருடைய தீர்ப்புகளைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1807-லும், காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-லும் வந்தன. டைடோ அதற்கு முன்பே, 1804-ல் இறந்துவிட்டாள். மணமாகி, சுதந்திரமாகவே வாழ்ந்தாள்.

'வழக்கமா இப்படித்தான் சார் செய்வோம்' என்ற வாக்கியத்தை எல்லா ஊர் ஆபீஸிலும் கேட்கலாம். பல நேரம் அதில் அனுபவ அறிவு இருக்கும், கேட்டுக்கொள்வது நல்லது. சில நேரம் அந்த வழக்கத்தால் நஷ்டப்படுகிறவர் நம் மேஜைக்கு எதிரே உட்காரவே மாட்டார். கில்டுஹாலில் மான்ஸ்ஃபீல்டோடு சாப்பிட்ட வியாபாரிகளில் சாமர்செட் இல்லை.

மகனோ மகளோ லண்டனில் இருக்கிறார்கள், பார்க்கப் போகிறோம் என்பவர்கள் ஹாம்ப்ஸ்டெட் பக்கம் கென்வுட் மாளிகைக்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். நூலக அறை அழகு என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே நிற்கும்போது, முதியவர் சொல்லச் சொல்ல டைடோ கடிதம் எழுதிய வீடு இது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.